இசைநகரம் எனப்படுவது யாருடைய நகரம்?

ரொறன்ரோவிலிருந்து டலஸ் வரை காரிலேயே போவதென்பது எனது மருமகனின் யோசனை. விமானத்தில் மூன்றரை மணித்தியாலத்தில் முடியக்கூடிய பயணத்தை மூன்று நாட்களாக நீட்டுவதில் என்ன புத்திசாலித்தனம் இருக்கிறது என்று எனது தமக்கை கேட்டார். கலியாண வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய பலகாரப் பெட்டிகளையும் சேலைப் பெட்டிகளையும் கண்ட பின்னர் அவரும் வாய் திறக்கவில்லை. 2024 ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, லூயிவில் நகரைக் கடந்து தெற்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது மருமகன் சொன்னார்:

"மாமா, இண்டைக்கு நாஷ்வில்லிலை தங்குவம். மியூசிக் சிற்றி எண்டு சொல்லுவினம். இரவு ஒருக்கால் சுத்திப் பாத்திட்டு, விடிய வெளிக்கிட்டால் பின்னேரம் மெம்பிஸ் தாண்டலாம்."

நாஷ்வில் என்றதும் எனக்கு நினைவில் வந்தது ஒரேயொரு குரல். எழுபதுகளின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கைக் கோடியில் இருந்த ஆங்கில வாத்தியார் வீட்டு வானொலியிலிருந்து ஞாயிறு காலைகளில் மிதந்துவரும் ஜிம் ரீவ்ஸின் குரல். இலங்கையிலே ஆங்கிலம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்ற பேதமின்றி எல்லோரையும் கட்டிப்போட்ட குரல் அது. மார்கழி பிறந்தால் அவர் பாடிய நத்தார்ப் பாடல்கள் கொழும்புக் கடைகளில் இன்றைக்கும் ஒலிக்கின்றன. பாட்டின் பொருள் எனக்கு அந்நாளில் விளங்கியதில்லை. யாரோ ஒருவர் பக்கத்திலிருந்து ஆறுதல் சொல்வது போலிருக்கும், அவ்வளவுதான். அவர் 1964 ஆடி 31ஆம் திகதி, நாஷ்வில்லுக்குத் தெற்கே, தானே ஓட்டிச்சென்ற சிறு விமானம் இடிமழையில் சிக்கி விழுந்து, நாற்பது வயதில் இறந்துவிட்டார் என்பதை நான் வெகுகாலத்தின் பின்னரே அறிந்தேன். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது இறந்துபோன ஒருவரின் குரலை. வாத்தியாருக்கு அது தெரிந்திருக்குமோ என்னவோ.

ஆகவே நாஷ்வில்லில் ஓர் இரவு என்றதும் நானும் தலையாட்டினேன்.

நகரத்தின் மையத்திலே புரோட்வே என்றொரு வீதி. அதன் கீழ்ப்பகுதி கம்பர்லாந்து ஆற்றங்கரையில் போய் முடிகிறது. இரு மருங்கிலும் மதுச்சாலைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மாடிகள், ஒவ்வொரு மாடியிலும் ஒரு வாத்தியக் குழு, எல்லா யன்னல்களும் திறந்தபடி. நல்லூர்த் தேர்த் திருவிழாவன்று பத்துத் தண்ணீர்ப்பந்தல்களின் ஒலிபெருக்கிகள் ஒரே நேரத்தில் அலறினால் எப்படியிருக்குமோ அப்படித்தான் இருந்தது. மணப்பெண்ணின் தோழியர் கூட்டம் இளஞ்சிவப்புத் தொப்பிகளுடன், மிதித்து ஓட்டும் மதுவண்டிகளில் கூவிக்கொண்டு போனது. புகழ்பெற்ற பாடகர்கள் பலரின் பெயர்களில் இப்போது இங்கே மதுச்சாலைகள் இருக்கின்றன. பெயர் மட்டுந்தான் அவர்களுடையது, பாடுபவர்கள் வேறு யாரோ.

நாங்கள் நுழைந்த இடத்தில் ஓர் இளம்பெண் பிடில் வாசித்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லக்கூடாது, அபாரமான கை. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் நாலைந்து பாட்டுக்கு ஒருமுறை, அதே பெண் பிடிலைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாளியை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக வந்தாள். இந்த வீதியின் ஒழுங்கு அதுதான். காலையிலிருந்து மறுநாள் அதிகாலை வரை குழுக்கள் முறை வைத்து வாசிக்கின்றன. ஒரு முறை ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். கடைக்காரர் கொடுப்பது சொற்பம். மிகுதி வாளியில் விழுவது. தனக்குப் பிடித்த பாட்டை வாசிக்கச் சொல்லி இருபது டொலர் தாளை நீட்டிய ஒருவரின் முகத்தைப் பார்த்தேன். எங்களூர்க் கலியாண வீடுகளிலே, தவில்காரர் தனியாவர்த்தனத்தின் உச்சத்தில் நிற்கும்போது, சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லி ஆளனுப்பும் பெரிய மனிதரின் முகம் அது. உலகமெங்கும் அந்த முகம் ஒன்றுதான் போலும்.

இசையால் வாழும் நகரம் என்கிறார்கள். இசையை வைத்து வாழும் நகரம் என்பதே பொருத்தம். இதில் நாஷ்வில்லை மட்டும் குறை சொல்ல முடியாது. தொடக்கமே அப்படித்தான். 1925இல் நஷனல் லைப் என்ற காப்புறுதிக் கம்பனி தனக்கென ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கியது. அதன் பெயரான டபிள்யூ.எஸ்.எம். என்பதுகூடப் பல இலட்சம் பேரைக் காக்கிறோம் என்ற பொருள்தரும் கம்பனி விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகளே. அவ்வாண்டு கார்த்திகையில் எழுபத்தேழு வயதுப் பிடில்காரர் ஒருவரை ஒலிவாங்கியின் முன் இருத்தித் தொடங்கிய சனி இரவு நிகழ்ச்சிதான் பிற்காலத்தில் கிராண்ட் ஓல் ஒப்ரி ஆகியது. சனி இரவு கேட்ட பாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு திங்கட்கிழமை காப்புறுதி முகவர் கதவைத் தட்டுவார். மியூசிக் சிற்றி என்ற பட்டத்தை 1950இல் காற்றலையில் முதலில் உச்சரித்தவர் அதே நிலையத்தின் அறிவிப்பாளர் டேவிட் கொப். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையையும் அதன் பற்பசை விளம்பரங்களையும் கேட்டு வளர்ந்த எனக்கு இதில் அதிர்ச்சியடைய எதுவுமில்லை. விளம்பரக்காரர் காசில்தான் எங்களுக்கும் பாட்டுக் கிடைத்தது.

ஆனால் யாருடைய பாட்டை வைத்து யார் சம்பாதித்தார்கள், கணக்கு முடிந்தபோது யார் வெளியே நின்றார்கள் என்ற கேள்வியை ஒரு பத்திரிகைக்காரன் கேட்காமல் விடமுடியாது.

டிபோர்ட் பெய்லி என்று ஒருவர். அடிமைகளாயிருந்தவர்களின் பேரன். சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் கண்டு உடல் குறுகியவர். வாயால் ஊதும் சிறு ஹார்மோனிக்காவில் ஒரு புகைவண்டி வருவதையும் பாலம் கடப்பதையும் தொலைவில் மறைவதையும் வாசித்துக் காட்டக்கூடியவர். 1927 மார்கழியில் ஓர் இரவு, மேலைத்தேயச் சாஸ்திரிய இசை நிகழ்ச்சி முடிந்த கையோடு, அறிவிப்பாளர் ஜோர்ஜ் ஹே வேடிக்கையாகக் கிராண்ட் ஓல் ஒப்ரி என்ற பெயரை வைத்தபோது, அதையொட்டி வாசிக்கப்பட்டது பெய்லியின் புகைவண்டிதான். வெள்ளைக்காரப் பாடகர்களுடன் ஊரூராகப் போனார். அவர்கள் தங்கிய விடுதிகளில் அவருக்கு இடமில்லை. 1941இல் அவரை நிறுத்திவிட்டார்கள். பாடல் உரிமைக் கட்டணம் பற்றிய ஒரு தகராறு காரணமாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு அவர் இதே நகரத்திலே சப்பாத்துத் துடைக்கும் கடை வைத்துப் பிழைத்தார். 1982இல் இறந்தார். நாட்டார் இசைப் புகழ்மண்டபத்தில் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டது 2005இல். இருபத்துமூன்று வருடங்கள் பிந்தி.

இரவு விடுதிக்குத் திரும்பும் வழியில் ரைமன் மண்டபத்தின் செங்கற் சுவர்களை வெளியிலிருந்து பார்த்தோம். தோமஸ் ரைமன் என்ற படகு முதலாளி, ஒரு பிரசங்கியாரின் பேச்சிலே மனந்திரும்பிக் கட்டுவித்த வழிபாட்டு மண்டபம் அது. திறக்கப்பட்டது 1892இல். ஒப்ரி நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை அங்கேயே நடந்தது. தேவாலயத்து வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு சனம் கேட்டது. 1974இல் புறநகரில் புதிய அரங்கு எழுந்தபோது, பழைய மேடையின் பலகையில் ஆறடி விட்டமுள்ள ஒரு வட்டத்தை வெட்டியெடுத்துப் புதிய மேடையின் நடுவே பதித்தார்கள். இன்றும் பாடகர்கள் அந்த வட்டத்தில் கால் வைப்பதைப் பெரும்பேறாகக் கருதுகிறார்கள்.

அந்த வட்டத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். மண்டபத்தையே இடித்துத் தள்ள அதே கம்பனி திட்டமிட்டிருந்தது என்பதை அவ்வளவாகச் சொல்லமாட்டார்கள். இடித்த செங்கற்களைக் கொண்டு புதிய கேளிக்கைப் பூங்காவில் ஒரு சிற்றாலயம் கட்டுவதாக யோசனை. அதற்கெதிராக எழுந்த குரல்களில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் கட்டிடக்கலை விமர்சகர் அடா லூயிஸ் ஹக்ஸ்டபிளின் குரலும் ஒன்று. மண்டபம் தப்பியது. இருபது வருடங்கள் தூசியடைந்து கிடந்து, 1994இல் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திறக்கப்பட்டது. எழுதினால் என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்ளும் எனது தொழில்சார் நண்பர்களுக்கு இதை நான் சொல்லி வைக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. மருமகனின் பிள்ளைகள் எழும்ப நேரமாகும் என்பதால், காலை ஏழு மணிக்கே அவரை மட்டும் எழுப்பிக்கொண்டு ஜெபர்சன் வீதிக்குப் புறப்பட்டேன். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை, அதைத்தான் பார்க்கப் போகிறோம் என்றேன். மாமாவுக்கு வயது போய்விட்டது என்று நினைத்திருப்பார்.

நகர மையத்துக்கு வடமேற்கே, கறுப்பினத்தவர் வாழும் வட நாஷ்வில்லின் முதுகெலும்பு இவ்வீதி. பிஸ்க் பல்கலைக்கழகம் இதற்குப் பக்கத்தில். அது 1866இல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களின் கல்விக்காகத் தொடங்கப்பட்டது. ஐந்தே வருடங்களில் கையிருப்புத் தீர்ந்துபோக, 1871 ஐப்பசியில் ஒன்பது மாணவர்கள் பாடிப் பணம் சேர்க்கப் புறப்பட்டார்கள். பெரும்பாலானோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தோட்டங்களிலே தமக்குள் பாடிக்கொண்ட பக்திப் பாடல்களை அந்நியர் முன் பாடுவதற்கு அவர்களே முதலில் கூசினார்கள். வட மாநிலங்களில் தொடங்கி 1873இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா மகாராணியின் முன் பாடினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி மண்டபம் 1876இலிருந்து இன்றுவரை குன்றின்மீது நிற்கிறது. பாட்டுப் பாடி ஒரு பல்கலைக்கழகத்தைக் காப்பாற்றிய பிள்ளைகள். வானொலியும் காப்புறுதிக் கம்பனியும் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே இந்நகரின் பெயரை இசையோடு சேர்த்து உலகத்துக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள்தாம்.

நாற்பதுகளிலிருந்து அறுபதுகள் வரை ஜெபர்சன் வீதியில் இசைக்கூடங்கள் நிறைந்திருந்தன. இராணுவத்திலிருந்து 1962இல் விலகிய ஓர் இளைஞர், கென்டக்கி எல்லையிலுள்ள முகாமிலிருந்து நாஷ்வில் வந்து, டெல் மொரொக்கோ என்ற கூடத்தில் கிற்றார் வாசித்துப் பிழைத்தார். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற பெயரை உலகம் அறிய இன்னும் சில வருடங்கள் இருந்தன. உள்ளூர்க் கிற்றார் கலைஞர் ஜோனி ஜோன்ஸுடன் அவர் போட்டிக்கு நின்று தோற்றார் என்று இவ்வீதியார் பெருமையோடு சொல்வதுண்டு. தோற்ற இடம் கிளப் பாரன். அந்தக் கட்டிடம் மிஞ்சியிருக்கிறது. டெல் மொரொக்கோ இல்லை.

ஏன் இல்லையென்றால், நாங்கள் டலஸ் போவதற்கு ஒரு பாதை தேவைப்பட்டது.

நாற்பதாம் இலக்கப் பெருந்தெரு நாஷ்வில்லை ஊடறுத்து மெம்பிஸுக்குப் போகிறது. ஆரம்ப வரைபடங்களில் அது சார்லட் அவெனியூவை அண்டிய புகையிரதப் பாதையோரமாகவே குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் வடக்கே வளைத்து ஜெபர்சன் வீதிமீது போட்டார்கள். 1957 வைகாசியில் பகிரங்க விசாரணை ஒன்று நடந்தது. அது பற்றிய அறிவித்தல் சில தபாற்கந்தோர்களில் ஒட்டப்பட்டது. அந்த அறிவித்தலில் திகதி பிழை. உள்ளூர்ப் பத்திரிகைகளில் அது வெளிவரவில்லை. வீடு இழக்கப்போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு விடயம் தெளிவானபோது பத்து வருடங்கள் கடந்துவிட்டன. 1967இல் பிஸ்க் பேராசிரியர்களும் வர்த்தகர்களும் மதகுருமாரும் சேர்ந்து குழு அமைத்து வழக்குத் தொடுத்தார்கள். அறிவித்தலில் குறை இருந்ததையும் அப்பகுதிக்குப் பாதிப்பு நேரும் என்பதையும் மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டுகொண்டது. ஆனால் வேண்டுமென்றே பாகுபாடு காட்டியமைக்கு ஆதாரமில்லை என்று சொல்லிக் கையை விரித்தது. 1968 தையில் உயர் நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. ஏறத்தாழ 620 வீடுகள், 27 அடுக்குமாடிக் குடியிருப்புகள், 6 தேவாலயங்கள் போயின. ஐம்பது குறுக்குத் தெருக்கள் முட்டுச்சந்துகளாயின. கடைகளும் இசைக்கூடங்களும் வாடிக்கையாளர்களை இழந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

ரைமன் மண்டபத்துக்கு இடிப்புப் பேச்சு வந்ததும் இதே காலப்பகுதியில்தான். ஐந்தாறு வருட இடைவெளி. ஒரு மண்டபத்துக்காக நியூயோர்க்கிலிருந்து குரல் வந்தது. ஒரு வீதிக்காக அப்படி ஒரு குரல் வந்து தடுக்கவில்லை. கலையின் பெறுமதியை யாரும் அளந்து பார்த்து இந்த முடிவுக்கு வந்ததாக நான் நம்பவில்லை. நாளை விற்கக்கூடியது எது என்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

பெருந்தெரு வீதியைக் கடக்கும் இடத்தில் காரை நிறுத்தினோம். தலைக்குமேலே லொறிகள் இரைந்து போயின. கீழே கொங்கிறீற்றுத் தூண்களில் இசைக்கலைஞர்களின் உருவங்களைத் தீட்டியிருக்கிறார்கள். இடித்தவன் கட்டிய தூணிலே இடிக்கப்பட்டவனின் படம். முதியவர் ஒருவர் தேவாலயத்துக்குப் போகிற உடுப்புடன் நடந்து வந்து, வழி தவறிவிட்டீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை, பார்க்க வந்தோம் என்றதும் சற்று ஆச்சரியப்பட்டு, கையை உயர்த்தி விடைபெற்றுப் போனார்.

மருமகன் நல்ல பிள்ளை, நியாயமும் பேசுவார். "ரோட்டுப் போடாமல் விட்டிருந்தால் நாங்கள் இஞ்சை எப்படி வந்திருப்பம் மாமா? எங்கடை ஊரிலையும் ரோட்டு வேணும் எண்டுதானே எல்லாரும் கேட்டவை?" என்றார்.

கேட்டோம். நானும் கேட்டேன். கேட்டது மட்டுமல்ல, எழுதினேன். யுத்தம் முடிந்து சில வருடங்களில் வடக்கின் வீதிகள் அகலிக்கப்பட்டுக் காப்பெற் போடப்பட்டபோது, வலிகாமத்தில் ஒரு வீதியைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை எழுதினேன். முன்னர் ஒரு மணித்தியாலம் எடுத்த பயணம் இருபத்தைந்து நிமிடங்களாகக் குறைந்ததைக் கொட்டை எழுத்தில் போட்டோம். நல்ல வரவேற்பு. சில மாதங்களின் பின் ஒரு கோயில் திருவிழாவில் வயதான நாதஸ்வரக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அந்த வீதியோரத்திலேதான் அவருடைய தகப்பன் காலத்து வீடு. தெருப்பக்கத் திண்ணையில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் தவிலும் நாதஸ்வரமும் பழகியிருக்கிறார்கள். பின்னேரங்களில் அவ்வழியே சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று கேட்டுப் போவார்களாம்.

"தம்பி, நீர் எழுதினது நல்லாய்த்தான் இருந்தது. ரோட்டும் நல்ல ரோட்டு. திண்ணை போட்டுது. பெடியள் வந்து இருக்க இடமில்லை. இப்ப ஆரும் இறங்கி நிக்கிறதுமில்லை, வேகமாய்ப் போயிடுகினம்."

குற்றஞ்சாட்டும் தொனியே இல்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. எழுதுவதற்கு முன் நான் அந்த வீதியால் நாலைந்து தடவை போய் வந்திருக்கிறேன். ஒருமுறையும் இறங்கவில்லை. எவர் வீட்டுப் படலையையும் திறந்து, உங்களுக்கு அறிவித்தல் வந்ததா என்று கேட்கவில்லை. நாஷ்வில்லில் அறிவித்தல் பத்திரிகையில் வரவில்லை என்று படித்தபோது, வந்திருந்தாலும் என்னைப் போன்ற ஒருவன் அதைப் படித்துவிட்டு நிமிடக் கணக்கைத்தான் எழுதியிருப்பான் என்று தோன்றியது.

வீதி வேண்டாமென்று நான் வாதாடவில்லை. நோயாளியை மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவனுக்கு அந்தக் குறைந்த நிமிடங்கள் உயிர். எந்தப் பக்கமாக வளைப்பது என்று தீர்மானிக்கும் மேசையில் யார் இருந்தார்கள் என்பதுதான் எனது கேள்வி. பென்சிலை வைத்திருப்பவனுக்கு வரைபடத்தில் எப்போதும் ஒரு பகுதி வெறுமையாகத் தெரியும். அந்தப் பகுதியிலேதான் திண்ணைகளும் இசைக்கூடங்களும் இருக்கும்.

இப்போது நாஷ்வில் தன் கணக்கைத் திருத்த முனைகிறது என்பதையும் சொல்லவேண்டும். நகர மையத்தில், ரைமன் மண்டபத்துக்கு அருகே, ஆபிரிக்க அமெரிக்க இசைக்கான தேசிய அருங்காட்சியகம் 2021இல் திறக்கப்பட்டது. ஜெபர்சன் வீதியருகே பெருந்தெருவின்மேல் ஒரு மூடியிட்டுப் பூங்கா அமைக்கும் யோசனையும் சில வருடங்களுக்கு முன் பேசப்பட்டது. அதை எதிர்த்தவர்களில் அப்பகுதி மக்களும் இருந்தார்கள். பூங்கா வந்தால் காணி விலை ஏறும், விலை ஏறினால் எஞ்சியிருப்பவர்களும் போகவேண்டிவரும் என்பது அவர்களின் பயம். ஒருமுறை சூடுபட்டவர்களின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

ஒன்பது மணிக்கு விடுதிக்குத் திரும்பிப் பிள்ளைகளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மேற்கே புறப்பட்டோம். நாற்பதாம் இலக்கப் பெருந்தெருவில் ஏறி, ஜெபர்சன் வீதியை எட்டியபோது, "மாமா, இதுதான்" என்று மருமகன் காட்டினார். மேலேயிருந்து பார்க்கத் தடுப்புச் சுவரும் சில மரங்களும் ஒரு தேவாலயக் கூரையும் தெரிந்தன. எண்ணிப் பார்த்தேன். பத்து விநாடிகூட ஆகவில்லை.

சற்றுத் தூரம் போனபின் அவர் தொலைபேசியைத் தட்டி ஜிம் ரீவ்ஸைப் பாடவிட்டார். பின் ஆசனத்திலிருந்த சின்னவள், இது யார் என்று கேட்டாள். எங்கள் ஊர் வாத்தியார் வீட்டு ரேடியோ என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. மெம்பிஸுக்கு இன்னும் இருநூறு மைல் இருந்தது.